வீட்டு பீர் கிட்: ஹாப்ஸும் ஈஸ்டும் வீடு திரும்பிய வரலாறு

வீட்டிலேயே பீர் தயாரிக்க விரும்புவோருக்காக மேலை நாடுகளில் விற்கப்படும் 'கிட்' பெரும்பாலும் ஒரு தகர டப்பாதான். உள்ளே தேனைப் போல் கெட்டியான மால்ட் பாகு இருக்கும். மூடியின் கீழ் சிறிய உலர் ஈஸ்ட் பொட்டலம் ஒன்று செருகப்பட்டிருக்கும். ஆஸ்திரேலியாவின் கூப்பர்ஸ் நிறுவனம் விற்கும் டப்பாவின் எடை 1.7 கிலோ; அதனுடன் வரும் ஈஸ்ட் 7 கிராம். பாகை வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ அளவு சர்க்கரை சேர்த்து, குளிர்ந்த நீர் ஊற்றி 23 லிட்டராக்கி, ஈஸ்டைத் தூவி மூடிவைக்க வேண்டும். ஒரு வாரத்தில் நொதித்து அடங்கும். பாட்டிலில் அடைத்து மேலும் சில வாரம் வைத்தால் பீர்.

இந்த வேலையில் வாங்கியவர் எடுக்க வேண்டிய முடிவு என்று ஏறக்குறைய எதுவும் இல்லை. பீரின் கசப்பையும் மணத்தையும் தருவது ஹாப்ஸ். எந்த ஹாப்ஸ், எவ்வளவு, எப்போது என்பதை ஆலை முன்பே தீர்மானித்துப் பாகில் ஏற்றிவிட்டது. இனிப்பு நீரைப் பீராக்குவது ஈஸ்ட். எந்த ஈஸ்ட் என்பதையும் ஆலையே பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டது. மிஞ்சியிருப்பது கலக்குவதும் காத்திருப்பதும்தான். கடந்த அரை நூற்றாண்டில் இந்தப் பொழுதுபோக்கின் வரலாறு என்பது, அந்த இரண்டு முடிவுகளையும் வீட்டில் இருப்பவர்கள் திரும்பக் கேட்டுப் பெற்ற வரலாறே. திரும்ப என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் அவை வீட்டின் முடிவுகளாகத்தான் இருந்தன.

டப்பாவுக்கு முன்

பீருக்கு முதலில் பார்லியை முளைகட்டி உலர்த்த வேண்டும். கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து மாவாக்குவதைப் போன்ற வேலை. இதுவே மால்ட். அதை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிப்பான நீர் கிடைக்கும். ஆங்கிலத்தில் இதற்கு 'வோர்ட்' என்று பெயர். இந்த நீரை வற்றவைத்து எடுப்பதே கிட்டில் உள்ள மால்ட் பாகு.

இடைக்கால ஐரோப்பாவில் இது சமையலறை வேலைகளில் ஒன்று. இங்கிலாந்தில் ஏல் எனப்பட்ட பானத்தைக் காய்ச்சியவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டுத் தேவைக்குப் போக மீதியை வாசலில் விற்றார்கள். கசப்புக்கும் மணத்துக்கும் ஊருக்கு ஊர் வெவ்வேறு தழைகளைப் போட்டார்கள். சதுப்பு நிலத்தில் வளரும் மணமுள்ள புதர்கள், யாரோ என்னும் மூலிகை போன்றவை கலந்த கூட்டுக்கு 'குருயிட்' என்று பெயர். ஹாப்ஸ் மெல்ல மெல்லத்தான் வந்தது. பிரான்சின் கோர்பி மடத்தின் தலைவர் அடல்ஹார்டு 822இல் எழுதிய விதிமுறைகளில் பீர் தொடர்பாக ஹாப்ஸ் பேசப்படுகிறது. 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹில்டகார்டு அம்மையார், அதன் கசப்பு பானங்களைக் கெடாமல் காக்கும் என்று எழுதினார். இங்கிலாந்தில் அது வேரூன்றியது 15ஆம் நூற்றாண்டுக்குப் பிறகே.

ஹாப்ஸ் வென்றதற்குச் சுவையைவிட இந்தக் காக்கும் குணமே பெரிய காரணம். ஹாப்ஸ் சேராத ஏல் சில நாட்களில் புளித்துவிடும். அதனால் காய்ச்சிய வீட்டைச் சுற்றியே விற்க முடியும். ஹாப்ஸ் சேர்ந்த பீர் மாதக்கணக்கில் தாங்கும். வண்டியிலும் கப்பலிலும் ஏறும். தொலைதூரம் போகக்கூடிய பொருள் முதலீடு உள்ளவரின் கைக்குப் போவது இயல்பு. வீட்டுப் பெண்களிடமிருந்து இந்தத் தொழில் ஆலை முதலாளிகளுக்கு நகர்ந்ததில் வரி, சங்கங்கள், நகரச் சட்டங்கள் என்று பல காரணங்கள் உண்டு. அவற்றில் இந்தக் கசப்புப் பூவுக்கும் பங்கு உண்டு.

இந்தப் பயணத்தின் ஒரு முனையில் சென்னையும் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து லண்டனின் போ பகுதியில் இருந்த ஹாட்ஜ்சன் ஆலையின் வெளிர்நிற ஏல் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் துறைமுகங்களுக்கு வந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வர மாதங்கள் ஆகும். அதற்காக ஹாப்ஸைக் கூடுதலாகப் போட்டார்கள்; அடைத்த பீப்பாய்க்குள்ளும் ஒரு பிடி உலர்ந்த ஹாப்ஸைச் சேர்த்தார்கள். 1820களில் பர்ட்டன் நகரின் ஆல்சப் முதலிய ஆலைகள் போட்டிக்கு வந்தன. இன்று ஐபிஏ என்று உலகெங்கும் விற்கும் 'இந்தியா பேல் ஏல்' இந்த வணிகத்தின் எச்சம். ஹாட்ஜ்சன் இந்தியாவுக்கென்றே புதிதாக ஒரு பீரைக் கண்டுபிடித்தார் என்று பல நூல்களில் காணப்படும் கதைக்குச் சான்று இல்லை. இங்கிலாந்தில் நன்கு தெரிந்த ஒரு வகையே கப்பல் ஏறியது.

ஈஸ்டின் கதை வேறு. பவேரியப் பிரபுக்கள் 1516இல் பிறப்பித்த புகழ்பெற்ற தூய்மைச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், நீர் மூன்றையும் சொல்கிறது, ஈஸ்டைச் சொல்லவில்லை. ஈஸ்ட் அப்போது காசு கொடுத்து வாங்கும் பொருள் அல்ல. முந்தைய பானையின் நுரையிலோ வண்டலிலோ கொஞ்சம் எடுத்து அடுத்த பானையில் விடுவார்கள். பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். உறைமோர் தீர்ந்தால் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்வதும் இங்கே போலவே நடந்தது. ஒவ்வொரு வீட்டு ஈஸ்டும் அந்த வீட்டுச் சூட்டுக்கும் பழக்கத்துக்கும் பழகியது. 2016இல் பெல்ஜியத்தின் லூவன் ஆய்வாளர்கள் தலைமையில் 157 ஈஸ்ட் வகைகளின் மரபணுத் தொகுதிகளை வரிசைப்படுத்திய ஆய்வு, இன்றைய பீர் ஈஸ்டுகள் காட்டு வகைகளிலிருந்து தெளிவாக விலகிய வளர்ப்பினங்கள் என்று காட்டியது. கிராம்பு வாசனை தரும் ஒரு சேர்மத்தை உண்டாக்கும் ஆற்றலைப் பல வகைகள் இழந்திருந்தன. நல்ல நெல்லை விதைக்கு எடுத்துவைக்கும் உழவரைப் போல, நல்ல பானையின் வண்டலை மட்டும் எடுத்துவைத்தவர்கள் தம்மை அறியாமல் செய்த தேர்வு அது.

நுண்ணோக்கி வந்த பிறகு

லூயி பாஸ்டர் 1871இல் லண்டனின் விட்பிரெட் ஆலைக்குப் போய், அங்கிருந்த ஈஸ்டை நுண்ணோக்கியில் பார்த்து அதில் கேடு விளைவிக்கும் நுண்ணுயிர்கள் கலந்திருப்பதைக் காட்டினார். ஆலை விரைவில் சொந்தமாக ஒரு நுண்ணோக்கி வாங்கியது. பீர் பற்றிய அவரது நூல் 1876இல் வந்தது. 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தெடுத்தார். அந்த ஆலையின் நிறுவனர் ஜேக்கப்சன் 1845இல் மியூனிக்கிலிருந்து ஈஸ்டை ஒரு தொப்பிப் பெட்டிக்குள் வைத்து, வழியில் வண்டி நின்ற இடமெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துக் கொண்டுவந்தவர் என்பார்கள். ஹான்சனின் தூய ஈஸ்டைப் பிற ஆலைகளுக்கும் தாராளமாகக் கொடுத்தார் ஜேக்கப்சன்.

இதனால் கெட்டுப்போன பீரின் அளவு குறைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஈஸ்டைக் காப்பது ஆய்வகம் உள்ளவர்களின் வேலையாகவும் ஆனது. 1904இல் அதே கார்ல்ஸ்பர்க்கில் கிளாசன் என்பவர், நீண்ட நாள் பீப்பாயில் இருந்த ஆங்கில பீர்களின் தனி மணத்துக்குக் காரணமான மற்றொரு ஈஸ்டைப் பிரித்து அதற்கு பிரெட்டனோமைசிஸ் என்று பெயரிட்டார். 'பிரிட்டனின் பூஞ்சை' என்று பொருள். தூய ஒற்றை ஈஸ்டைக் கொண்டாடிய காலத்தில் அதைப் பெரும்பாலான ஆலைகள் கேடாகவே கருதி ஒழித்தன.

சட்டம் செய்த டப்பா

பிரிட்டனில் கிளாட்ஸ்டன் 1880இல் மால்ட் மீதான வரியை நீக்கிப் பீர் மீது வரி விதித்தார். வரி பானத்தின் மீது என்றானதும், வீட்டில் காய்ச்சுபவரையும் அரசு கணக்கில் வைக்க வேண்டியதாயிற்று. அவர்களும் உரிமம் பெற வேண்டும் என்று விதி வந்தது. வீட்டு பீர் அருகியது.

அமெரிக்காவில் கதை தலைகீழ். 1920 ஜனவரியில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்ததும் பீர் ஆலைகள் வேறு பிழைப்பைத் தேடின. பாப்ஸ்ட், அன்ஹைசர்–புஷ் போன்ற பெரிய ஆலைகள் மால்ட் பாகை டப்பாவில் அடைத்து விற்றன. ரொட்டி, பிஸ்கட் செய்வதற்கு என்பது சொல்லப்பட்ட காரணம். ஹாப்ஸ் ஏற்றிய பாகும் கிடைத்தது என்பதே அந்தக் காரணத்தின் பெறுமதியைச் சொல்லிவிடும். கசப்பான பிஸ்கட்டை யார் தின்பார்கள்? வாங்கியவர்கள் பாகைக் கரைத்துச் சர்க்கரை சேர்த்து, ரொட்டிக்கு விற்ற ஈஸ்டைப் போட்டு, பீங்கான் ஜாடியில் நொதிக்கவிட்டார்கள். ரொட்டி ஈஸ்ட் மாவை உப்பவைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நொதித்த பின் ஒழுங்காக அடியில் படியாது. அதனால் கலங்கலும் ஈஸ்ட் வாடையும் சேர்ந்த பானம் கிடைத்தது. முழுதாக நொதிக்கும் முன் பாட்டிலில் அடைத்தால் வாயு பெருகிப் பாட்டில் வெடிக்கும். நிலவறையில் இரவில் பாட்டில்கள் ஒவ்வொன்றாக வெடித்த கதைகள் அந்தத் தலைமுறையின் நினைவில் நெடுங்காலம் இருந்தன.

ஆக, ஹாப்ஸ் ஏற்றிய பாகு டப்பா என்னும் வடிவம் பீரின் தேவையால் பரவியது அல்ல. சட்டத்துக்குக் கண்ணில் மண் தூவும் தேவையால் பரவியது. வீட்டு பீர் என்றாலே மட்டமானது என்ற பெயரும் அப்போது ஒட்டிக்கொண்டது. 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் ஒயின் தயாரிப்பது அனுமதிக்கப்பட்டது. பீருக்கு அந்த அனுமதி கிடைக்கவில்லை. 45 ஆண்டுகள் இந்த முரண் நீடித்தது. 1978 அக்டோபர் 14 அன்று குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் கொண்டுவந்த திருத்தத்தின்படி, வீட்டு பீரை வரியின்றி அனுமதித்தது. ஒருவர் ஆண்டுக்கு 100 கேலன், பெரியவர்கள் இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டில் 200 கேலன். லிட்டரில் சொன்னால் சுமார் 378, 757. மாநிலங்கள் தனித்தனியே அனுமதிக்க வேண்டியிருந்ததால் கடைசி இரு மாநிலங்களான மிசிசிப்பியும் அலபாமாவும் 2013இல்தான் வழிவிட்டன. இந்தியாவில் மது மாநிலப் பொருள். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இன்றி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். எனவே இங்கே இந்த வரலாறு படிப்பதற்குரியது மட்டுமே.

பிரிட்டனில் நிதியமைச்சர் ரெஜினால்டு மாட்லிங் 1963இல் உரிம விதியை நீக்கினார். அதே ஆண்டில் சி. ஜே. ஜே. பெர்ரி வீட்டு பீர் பற்றிய கையேட்டை வெளியிட்டார். 1970களில் பூட்ஸ் மருந்துக்கடைகளில்கூட பீர் கிட் விற்றது. அந்தக் காலத்து வாங்குபவருக்குச் சுவையைவிட விலை முக்கியம். பப்பில் கொடுக்கும் காசில் ஒரு சிறு பங்கு போதும் என்பதுதான் விளம்பரம். பணத்தை மிச்சப்படுத்த வாங்கிய டப்பாவில் யாரும் கூடுதலாகச் செலவழித்து ஹாப்ஸ் போடமாட்டார்கள். அதனால் கிட் தயாரித்தவர்களுக்கும் மாற்றம் தேவைப்படவில்லை.

கசப்பு இருந்தது, மணம் இல்லை

பரிசோதனை ஏன் ஹாப்ஸில் தொடங்கியது என்பதைப் புரிந்துகொள்ள அதன் வேதியியல் கொஞ்சம் வேண்டும். ஹாப்ஸ் கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. அதன் பெண் பூங்கொத்துகள் காகிதம் அடுக்கியது போன்ற பச்சைக் கூம்புகள். இதழ்களுக்கு அடியில் மஞ்சள் தூள் இருக்கும். இந்தத் தூளில் இரண்டு சரக்குகள் உள்ளன. ஒன்று ஆல்ஃபா அமிலங்கள். இவை நெடுநேரம் கொதித்தால்தான் உருமாறிக் கசப்பாகக் கரையும். மற்றொன்று மணமுள்ள எண்ணெய்கள். இவை கொதித்தால் ஆவியாகிவிடும். இவற்றில் முக்கியமான மிர்சீன், மாங்காயின் மணத்திலும் பங்குள்ள சேர்மம்.

ஆலையில் ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, பிறகு பாகாகும்வரை நீரை வற்றவைக்கும்போது கசப்பு தங்கிவிடும். மணம் நீராவியோடு போய்விடும். எனவே டப்பாவில் இருப்பது பாதி ஹாப்ஸ்தான். கிட் வாங்கியவர் சேர்க்க வேண்டியது கசப்பை அல்ல, மணத்தை. இதை உணர்ந்தவர்கள் கண்ட வழி எளிது. ஒரு பிடி ஹாப்ஸை வெந்நீரில் சில நிமிடம் ஊறவைத்து, தேநீர் போல் வடித்துக் கலப்பது ஒன்று. நொதித்து அடங்கிய பின், உலர்ந்த ஹாப்ஸை அப்படியே பாத்திரத்தில் போட்டுச் சில நாள் விடுவது மற்றொன்று. மெட்ராஸுக்கு வந்த பீப்பாய்களில் போட்ட அதே ஒரு பிடி.

போடுவதற்கு நல்ல ஹாப்ஸ் கிடைக்க வேண்டுமே. 1970களில் அமெரிக்க வீட்டுக் கடைகளில் கிடைத்தவை பெரும்பாலும் பழுத்துப் பழுப்பேறிய சரக்கு. கென் கிராஸ்மன் என்ற இளைஞர் 1976இல் கலிஃபோர்னியாவின் சீக்கோ நகரில் வீட்டு பீர் பொருட்களுக்கான கடை திறந்தார். ஹாப்ஸ் விளையும் யாக்கிமா பள்ளத்தாக்குக்கு வண்டி ஓட்டிச் சென்று, பெரிய ஆலைகளுக்குக் காட்டுவதற்காகத் தரகர்கள் பேல்களிலிருந்து வெட்டிவைத்திருந்த மாதிரித் துண்டுகளை வாங்கிவந்தார். பேல் கணக்கில் வாங்க முடியாதவருக்கு வேறு வழி இல்லை. ஆனால் அந்த மாதிரிகள் புதியவை, பெயர் தெரிந்தவை.

அந்தப் பெயர்களில் ஒன்று காஸ்கேடு. அமெரிக்க வேளாண் துறையின் ஆரிகன் ஆய்வுத் திட்டம் 1956இல் தொடங்கிய ஒட்டுமுயற்சியின் விளைவாக 1972இல் வெளியிட்ட வகை. திராட்சைப்பழம் அல்ல, பம்பளிமாசுக்கு உறவான கிரேப்ஃபுரூட்டின் மணம் அதில் உண்டு. ஐரோப்பிய ஹாப்ஸின் அடக்கமான மூலிகை மணத்தையே மேலானது என்று கருதிய காலத்தில் இது துடுக்காகத் தெரிந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 1975இல் தன் லிபர்ட்டி ஏலில் அதைப் பயன்படுத்தியது. கிராஸ்மன் கடையை விட்டுச் சொந்த ஆலை தொடங்கி, 1980இல் காய்ச்சிய சியரா நெவாடா பேல் ஏலில் காஸ்கேடே முன்னால் நின்றது. இன்று உலகெங்கும் 'கிராஃப்ட் பீர்' என்று சொல்லப்படுவதன் சுவைக்கு இந்த பீர் ஓர் அளவுகோலாயிற்று.

கொலராடோவில் சார்லி பபாசியன் வேறொரு வகையில் உதவினார். அணுப் பொறியியல் படித்துவிட்டு போல்டர் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். வீட்டு பீர் வகுப்புகள் எடுத்தார். 1978இல் அமெரிக்க வீட்டு பீர் சங்கத்தையும் அதன் இதழையும் தொடங்கினார். 1984இல் வெளியான அவரது கையேடு, பதற்றப்படாமல் செய்யுங்கள் என்ற தொனியில் எழுதப்பட்டது. பாகு டப்பாவை அவர் இகழவில்லை. அதிலிருந்தே தொடங்கி, அடுத்த முறை கொஞ்சம் ஹாப்ஸ், அதற்கடுத்த முறை கொஞ்சம் வறுத்த மால்ட் என்று படியேற்றினார். இந்தத் துறையின் நூல்களில் இவ்வளவு பேரைத் துணியவைத்தது வேறில்லை.

துணிந்தவர்கள் கணக்கும் போட்டார்கள். ஒரு மணி நேரம் கொதித்தாலும் ஆல்ஃபா அமிலத்தில் ஏறத்தாழ கால் பங்குதான் பீரில் கசப்பாகச் சேரும். 6 சதவீத ஆல்ஃபா உள்ள 30 கிராம் ஹாப்ஸில் 1,800 மில்லிகிராம் அமிலம் இருக்கிறது. அதில் 23 சதவீதம் கரைந்தால் 414 மில்லிகிராம். 20 லிட்டருக்குப் பிரித்தால் லிட்டருக்குச் சுமார் 21. பீரின் கசப்பு அலகு 21 என்பது இதுதான். கொதிக்கும் நேரத்தையும் நீரின் இனிப்புச் செறிவையும் கொண்டு இந்தக் கரையும் பங்கைக் கணிக்கும் சூத்திரத்தை 1990களில் பரப்பிய கிளென் டின்செத்தும் வீட்டில் காய்ச்சுபவர்தான். அவர் பெயரால் அது இன்றும் கணினி நிரல்களில் வழங்குகிறது.

பொட்டலத்தை மாற்றியவர்கள்

ஹாப்ஸை மாற்றினால் பீர் மாறும் என்பது எவருக்கும் தெரியும். ஈஸ்டை மாற்றினால் அதைவிட அதிகமாக மாறும் என்பது முதல்முறை செய்து பார்ப்பவரை வியக்கவைக்கும். ஒரே டப்பாப் பாகைக் கரைத்து இரண்டு ஜாடிகளில் ஊற்றி, ஒன்றில் கிட் ஈஸ்டையும் மற்றதில் பவேரியக் கோதுமை பீர் ஈஸ்டையும் போட்டால், இரண்டாவதில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். பழமும் இல்லை, கிராம்பும் இல்லை. ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர்களும் ஃபீனால்களும்தான். வெப்பநிலையை நான்கைந்து டிகிரி ஏற்றினால் அதே ஈஸ்டே வேறு மணம் தரும்.

கிட்டுடன் வரும் ஈஸ்டைக் குறை சொல்வது எளிது. டப்பா கடை அலமாரியில் எத்தனை மாதம் இருக்கும், வாங்கியவர் வீடு எவ்வளவு சூடாக இருக்கும் என்று ஆலைக்குத் தெரியாது. எந்த நிலையிலும் நொதித்து முடிக்கும் முரட்டு ஈஸ்ட் அதற்குப் பொருத்தம். நுட்பமான சுவை அதன் வேலை அல்ல.

மாற்று ஈஸ்ட் வாங்கக் கிடைக்காத காலத்தில் ஆர்வலர்கள் அதைக் கடை பீரிலிருந்தே எடுத்தார்கள். வடிகட்டாமல் பாட்டிலுக்குள்ளேயே மீண்டும் நொதிக்கவிட்ட பீர்களின் அடியில் உயிருள்ள ஈஸ்ட் படிந்திருக்கும். பீரைக் குடித்துவிட்டு, அந்த வண்டலில் ஆறிய இனிப்பு நீரை ஊற்றி வளர்த்தால் சில நாட்களில் போதுமான ஈஸ்ட் கிடைக்கும். கூப்பர்ஸின் பாட்டில் ஏல்களில் அப்படி ஒரு வண்டல் உண்டு. கூப்பர்ஸ் டப்பாவை வாங்கி, அதன் மூடிக்கடியில் உள்ள பொட்டலத்தை ஒதுக்கிவிட்டு, அதே நிறுவனத்தின் பாட்டிலில் இருந்து ஈஸ்டை வளர்த்துப் போடுவது ஆஸ்திரேலிய ஆர்வலர்களின் பழைய வழக்கம். பழைய உறைமோர் முறைதான். கொடுத்தவருக்குத் தெரியாமல் வாங்கியது.

1986இல் ஆரிகனில் டேவிட் லாக்ஸ்டன் தொடங்கிய வையீஸ்ட் நிறுவனம் திரவ ஈஸ்டைப் பையில் விற்றது. பைக்குள் ஊட்டச் சத்து அடைத்த சிறு பை இருக்கும். கையால் தட்டி அதை உடைத்தால் ஈஸ்ட் விழித்துப் பை உப்பும். 1995இல் சான் டியேகோவில் கிறிஸ் ஒயிட் என்ற உயிர்வேதியியலர் ஒயிட் லேப்ஸைத் தொடங்கினார். பெரிய ஆலைகளுக்கு மட்டுமே எட்டிய ஈஸ்ட் தொகுப்பு இப்போது கடைக் குளிர்பெட்டியில் இருந்தது. சியரா நெவாடாவின் ஈஸ்டோடு ஒரே மூலம் கொண்டவையாகக் கருதப்படும் வகைகளை இவ்விரு நிறுவனங்களும் எண் போட்டு விற்றன. ஃபெர்மென்டிஸ் நிறுவனத்தின் 11.5 கிராம் உலர் பொட்டலமும் அந்த வரிசையில் சேர்ந்தது. கிட் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டவர்கள் பெரும்பாலும் முதலில் எடுத்தது இதைத்தான். அது ஹாப்ஸுக்குக் குறுக்கே நிற்காத, அடக்கமான ஈஸ்ட்.

இரண்டும் சந்தித்தபோது

ஹாப்ஸ் மணம் தரும், ஈஸ்ட் நொதிக்கவைக்கும், ஒன்றின் வேலையில் மற்றது தலையிடாது என்றே பலரும் எண்ணிவந்தார்கள். அது சரியில்லை என்பதை 1893இலேயே ஹொரேஸ் பிரவுன், ஹாரிஸ் மாரிஸ் என்ற ஆங்கில வேதியியலர்கள் காட்டியிருந்தனர். பீப்பாயில் உலர்ந்த ஹாப்ஸ் போட்டால் அடங்கிய பீர் மீண்டும் நொதிக்கத் தொடங்குவதைக் கண்டு, ஹாப்ஸில் உள்ள நொதிகள் ஈஸ்ட் உண்ண முடியாத மிச்ச மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன என்று விளக்கினர். ஆலைகள் பீரை வடிகட்டி ஈஸ்டை நீக்கிய காலத்தில் இந்த ஆய்வு மறக்கப்பட்டது. 2010களில் லிட்டருக்குப் பல கிராம் ஹாப்ஸ் போடும் வழக்கம் வந்ததும் சிக்கல் திரும்பியது. ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஷெல்ஹாமரின் குழு அதை மீண்டும் ஆராய்ந்தது. 'ஹாப் கிரீப்' என்று இன்று பெயர்.

வீட்டில் காய்ச்சுபவருக்கு இது ஏட்டு விஷயம் அல்ல. நொதித்து முடிந்தது என்று நம்பி, ஹாப்ஸ் போட்டு, இரண்டு நாளில் பாட்டிலில் அடைத்தால், சர்க்கரை பாட்டிலுக்குள் புதிதாகப் பிறக்கும். மதுவிலக்குக் காலத்து நிலவறைகளில் வெடித்தது போலவே கண்ணாடி வெடிக்கும். ஹாப்ஸ் போட்ட பிறகும் திரவ அடர்த்தியை அடர்த்திமானியால் அளந்து, அளவு இறங்காமல் நின்றதை உறுதிசெய்த பின்னரே அடைக்க வேண்டும் என்று இப்போதைய கையேடுகள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஈஸ்டும் ஹாப்ஸை மாற்றும். 2000களின் தொடக்கத்தில் வெளியான ஆய்வுகளில், ரோஜா மணமுள்ள ஜெரானியால் என்ற ஹாப்ஸ் எண்ணெயை ஈஸ்ட் எலுமிச்சை சாயலுள்ள சிட்ரோனெல்லாலாக மாற்றுவது தெரிந்தது. நொதிக்கும்போதே ஹாப்ஸ் போடுவதும், அடங்கிய பின் போடுவதும் ஒரே விளைவைத் தராது என்று இதிலிருந்து புரிந்தது.

இந்தச் சந்திப்பின் புகழ்பெற்ற பலன் வெர்மான்ட் மாநிலத்தில் விளைந்தது. கிரெக் நூனன் என்பவர் வீட்டு பீரில் தேர்ந்து, நூல் எழுதி, 1988இல் பர்லிங்டனில் சிறு ஆலை நடத்தத் தொடங்கியவர். அவரிடம் பணியாற்றிய ஜான் கிம்மிச், அங்கிருந்த ஓர் ஆங்கில ஈஸ்டைத் தன் 'ஆல்கெமிஸ்ட்' ஆலைக்குக் கொண்டுசென்று ஹெடி டாப்பர் என்ற பீரைக் காய்ச்சினார். கலங்கலாக, பழச்சாறு போல் மணக்கும் ஐபிஏ வகைக்கு அது முன்னோடி. 2011இல் அதை டப்பாவில் அடைத்தபோது வடிகட்டாமல் அடைத்தார்கள். ஆர்வலர்கள் அந்த டப்பாவின் அடி வண்டலை வளர்த்தெடுத்து, 'கோனன்' என்று வழங்கும் அந்த ஈஸ்டைத் தங்கள் பாத்திரங்களில் போட்டார்கள். பின்னர் ஆய்வகங்களும் அதே வகையை விற்றன.

நார்வேயின் உறை

ஆய்வகத்தின் கை படாமல் வீட்டு ஈஸ்ட் எங்காவது தப்பியிருக்கிறதா என்ற கேள்விக்கு விடை நார்வேயின் மேற்குப் பகுதியிலிருந்து வந்தது. அங்குள்ள பண்ணை வீடுகள் சிலவற்றில் ஈஸ்டை மரவளையத்திலோ துணியிலோ தோய்த்து உலர்த்தி, அடுத்த முறைக்கு எடுத்துவைக்கும் பழக்கம் நின்றுபோகாமல் இருந்தது. பேச்சுவழக்கில் அதன் பெயர் குவைக். லார்ஸ் மாரியஸ் கார்ஷோல் என்ற நார்வேக்காரர் 2010களில் ஊர் ஊராகச் சென்று இதைப் பதிவு செய்தார். அவரும் பங்கேற்ற 2018ஆம் ஆண்டு ஆய்வு, குவைக் ஈஸ்டுகள் மரபணு அளவில் தனிக் கிளை என்றும், பிற பீர் ஈஸ்டுகள் தாங்காத வெப்பத்தில் நன்றாக நொதிக்கின்றன என்றும் காட்டியது. வழக்கமான ஏல் ஈஸ்டுக்கு 20 டிகிரி செல்சியஸ் ஒட்டிய சூடு போதும். இதை 35 முதல் 40 டிகிரியில் இடுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் பண்ணை பீர்களில் ஹாப்ஸ் குறைவு. ஜூனிபர் கிளைகளை ஊறவைத்த நீர்தான் மணம் தருகிறது.

குளிர்பெட்டி இல்லாத வீடுகளில், காய்ச்சிய நீர் முழுக்க ஆறும்வரை காத்திராமல் கைச்சூட்டிலேயே உறை இடும் பழக்கம் தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்த குணம் அது. கிட் வாங்கியவர்களின் பழைய தொல்லையே வீட்டுச் சூடுதான்; அதற்கு இந்த ஈஸ்ட் மருந்தாக அமைந்தது. வோஸ் வட்டாரத்துப் பண்ணை ஒன்றின் குவைக்கை இப்போது லாலிமண்ட் நிறுவனம் 11 கிராம் உலர் பொட்டலமாக விற்கிறது. அதன் மீது அந்த வட்டாரத்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது.